ரோக்கியோவில் ஆறடி எட்டு அங்குலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உடல்வலியைக் காட்டி மகிழும் வழக்கம் நேற்று வந்ததன்று. சித்திரைப் புத்தாண்டு நாட்களில் போர்த்தேங்காய் அடிப்பதும், அறுவடை ஓய்ந்த வெளிகளில் மாட்டுவண்டிச் சவாரி விடுவதும், நிலாக் காலத்தில் கிளித்தட்டு மறிப்பதும் ஊருக்கு ஊர் நிகழ்ந்து வந்தவை. ஆனால் இவ்விளையாட்டுக்கள் எல்லாம் ஆளோடு ஆள் பொருதுபவை; ஊரோடு ஊர் மோதுபவை. வென்றவன் எவன் என்பது மட்டுமே கேள்வி. எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று எவரும் கேட்டதில்லை. ஒருவன் தன் உடலின் ஆற்றலை அளவுகோல் கொண்டு அளந்து, அவ்வளவைப் புத்தகத்தில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு வருபவன் அதனை மிஞ்ச முயல்வது என்னும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசன் கல்லூரிகளோடு குடாநாட்டுக்கு வந்தது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அத்தகைய கல்லூரிகளுள் ஒன்று. உவெசிலியன் மிசனார் 1816 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையிலிருந்து வளர்ந்தது அது. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அதற்குத் தலைமை வகித்த காலத்திலேயே ஆறுமுக நாவலர் அங்கே மாணாக்கராகவும் பின் ஆசிரியராகவும் இருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பரியோவான் கல்லூரியோடு அது ஆடும் கிறிக்கெற் ஆட்டமோ 1904 ஆம் ஆண்டு முதல் 'வடக்கின் பெரும் போர்' என்னும் பெயரால் ஊரையே திரட்டிவருவது. கிறிக்கெற்றுக்குக் கூடும் கூட்டம் ஓட்டம், பாய்ச்சல், எறிதல் ஆகிய போட்டிகளுக்குக் கூடுவதில்லை. எனினும் குடாநாட்டுக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நிகழும் இல்ல மெய்வல்லுநர் போட்டியை அறியாத குடும்பம் அங்கு இல்லை எனலாம். இல்லங்களின் நிறக் கொடிகளும், ஓலைப் பந்தல்களும், தாய்மார் நெஞ்சு பதைக்க நோக்கும் அஞ்சலோட்டமும் அந்நிலத்தின் திருவிழாக்களுள் ஒன்றாகிவிட்டன.

அப்போட்டி நிரலை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். உயரம் பாய்தல், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல், குண்டு போடுதல், தட்டெறிதல், ஈட்டி எறிதல் என்பன எல்லாம் அங்கே நெடுங்காலமாக வேரூன்றியவை. சம்மட்டி எறிதல் மட்டும் ஊன்றவில்லை. பெயரைக் கேட்டதும் கொல்லன் உலைக்களச் சம்மட்டியே நினைவுக்கு வரும். ஸ்கொத்துலாந்திலும் அயர்லாந்திலும் தொடக்கத்தில் வீசப்பட்டதும் அத்தகைய கருவியே. இன்று எறியப்படுவது சம்மட்டியன்று. பதினாறு இறாத்தல் நிறையுள்ள இரும்புக் குண்டு, அதனைப் பிணித்த ஏறத்தாழ நான்கடிக் கம்பி, கம்பியின் முனையில் ஒரு கைப்பிடி என்னும் மூன்றும் சேர்ந்ததே இக்காலச் சம்மட்டி. ஏழடி விட்டமுள்ள வட்டத்துள் நின்று, தலைக்கு மேலே இரண்டொரு முறை சுழற்றி, பின்னர்த் தானும் அதனோடு சுழன்று, வீரன் கைவிடும் கணத்தில் அது எத்திசையில் செல்லும் என்பதை அவன் குதிகாலே முடிவு செய்கிறது. கை வலியினும் கால்களின் ஒழுங்கே இங்கே பெரிது. கணிப்புத் தவறினால் பார்த்திருப்போர் உயிருக்கு ஆபத்து. ஆதலால் வட்டத்தைச் சூழ உயர்ந்த வலைக்கூடு வேண்டும். கிறிக்கெற்றுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒரே மைதானத்தைப் பங்கிட்ட கல்லூரிகள் அத்தகைய கூட்டை அமைக்க முன்வராதது வியப்பன்று. ஆசியாவிலே இக்கலையில் முதன்மை பெற்றவர்கள் வேறு நிலத்தவர். பாக்கிஸ்தானைச் சேர்ந்த முகமது இக்பால் 1954 ஆம் ஆண்டில் வான்கூவரில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவிலும், 1958 ஆம் ஆண்டில் ரோக்கியோ ஆசிய விழாவிலும் சம்மட்டி எறிந்து தங்கம் வென்றார். அவருக்குப் பின் யப்பானியர் சிகெனொபு முரொபுசி 1970 முதல் 1986 வரை ஐந்து ஆசிய விழாக்களில் தொடர்ந்து வென்றார்; அவர் மைந்தர் கோஜி 2004 ஆம் ஆண்டில் ஏதென்சு ஒலிம்பிக்கிலே தங்கம் பெற்றார்.

உயரம் பாய்தலுக்கு இவ்வளவு ஆயத்தம் வேண்டியதில்லை. இரு தூண்கள், அவற்றின்மேல் தங்கும் ஒரு குறுக்குத் தடி, விழுவதற்கு மணல் நிரப்பிய குழி. கடல் சூழ்ந்த குடாநாட்டில் மணலுக்குப் பஞ்சமில்லை. இந்த எளிய ஆயத்தத்திலிருந்தே முகமது இக்பால் தங்கம் வென்ற அதே ரோக்கியோ விழாவில், அதே மைதானத்தில் தங்கம் வென்ற ஒருவரை யாழ்ப்பாணம் உலகுக்கு அளித்தது. அவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

வலிகாமத்துப் பெரியவிளான் அவரது ஊர். 1934 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 ஆந் திகதி பிறந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கல்வி பயின்றார். கல்லூரி மைதானத்திலே தொடங்கிய பாய்ச்சல் அவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றது. அக்காலத்தில் வடபகுதி மாணவன் ஒருவன் தலைநகரில் போட்டியிட வேண்டுமாயின், இரவு முழுதும் புகையிரதத்தில் அமர்ந்து, இருநூற்றைம்பது மைலுக்கு அண்மித்த தூரத்தைக் கடந்து, விடிந்ததும் மைதானத்தில் இறங்க வேண்டும். கொழும்பு மாணவனோ தன் வீட்டில் உறங்கி எழுந்து வருவான். போட்டிப் புத்தகத்தில் இவ்வேறுபாடு பதியப்படுவதில்லை. தடியின் உயரம் இருவர்க்கும் ஒன்றே.

1952 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுத் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விழா கூடியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் விழாவில் டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று, சுதந்திரம் அடைந்து ஆறு மாதமே ஆகியிருந்த இலங்கையின் பெயரை நிலைநாட்டியிருந்தார். ஹெல்சிங்கிக்கு இலங்கை அனுப்பிய சிறு குழுவிலே எதிர்வீரசிங்கம் இடம்பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. பதக்கம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் பெரியவிளானிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞன் உலகின் தலைசிறந்த பாய்ச்சல் வீரர்களை ஒரே குழியருகில் நின்று நோக்கினான். அவ்விழாவில் வென்றவர் அமெரிக்கராகிய வோல்ற்றர் டேவிஸ். அவர் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாது கிடந்தவர். அவர் பாய்ந்த உயரம் 2.04 மீற்றர். இவ்வெண் மனத்தில் நிற்கட்டும். ஆறு ஆண்டுகளின் பின் இது மீண்டும் வேண்டப்படும்.

உயரம் பாய்தலின் நுட்பம் பற்றி இங்கே சிறிது கூறுதல் தகும். விதி ஒன்றுதான்: ஒற்றைக் காலால் உந்தி எழ வேண்டும். மற்றவை எல்லாம் பாய்பவனின் விருப்பம். தடிக்குப் பக்கவாட்டில் ஓடிவந்து, கத்தரிக்கோலின் இரு அலகுபோல் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசிக் கடப்பது பழைய முறை. உடலைத் தடிக்கு இணையாகக் கிடத்தி உருண்டு கடப்பது அதன்பின் வந்தது. வயிறு தடியை நோக்கக் கவிழ்ந்து புரள்வது ஐம்பதுகளில் ஓங்கி நின்ற முறை. இம்முறைகள் யாவற்றிலும் ஒரே கணக்குத்தான் உண்டு. உடலின் எடை மையத்தை எத்துணை தாழ்வாக வைத்துக்கொண்டே உறுப்புக்கள் யாவும் தடிக்கு மேலே செல்ல முடியும் என்பதே அது. முதுகு கீழாகக் கிடந்து கடக்கும் இக்கால முறையை 1968 ஆம் ஆண்டில் மெக்சிகோவில் டிக் பொஸ்பரி காட்டி வென்ற பின்பே உலகம் ஏற்றது. பஞ்சு மெத்தைகள் வந்த பின்னரே முதுகால் விழுதல் இயல்வதாயிற்று. மணற் குழியில் அவ்வாறு விழத் துணிபவன் கழுத்தை முறித்துக்கொள்வான். எதிர்வீரசிங்கத்தின் காலம் மணற் குழியின் காலம். உயரத்தை வெல்வது பாதி வேலை. எலும்பு நோகாமல் இறங்குவது மறு பாதி.

இன்னொரு சிறப்பும் இவ்விளையாட்டுக்கு உண்டு. ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று முயற்சிகள். தொடர்ந்து மூன்று தவறினால் வெளியேற வேண்டும். ஓட்டத்தில் வென்றவன் வெற்றியோடு நிற்கிறான். உயரம் பாய்தலில் வென்றவனும், தன்னோடு எவரும் எஞ்சாத பின் தடியை மேலும் உயர்த்தச் சொல்லி, மூன்று முறை அதனைத் தட்டி வீழ்த்தி விட்டே ஆட்டத்தை முடிப்பது வழக்கம்.

ஐம்பதுகளில் எதிர்வீரசிங்கம் ஐக்கிய அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அப்பல்கலைக்கழகம் அக்காலத்தில் மெய்வல்லுநர் கலையில் அந்நாட்டின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்று. பத்து அம்சப் போட்டியில் பின்னர் ஒலிம்பிக் தங்கம் வென்ற றாபர் ஜோன்சன் அதன் மாணவர். அந்நகரத்து மைதானம் ஒன்றிலேதான் 1956 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சார்லஸ் டூமஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் ஏழடியைக் கடந்த முதல் மனிதரானார். ஏழடி என்பது அதுகாறும் மனித உடலுக்கு இயற்கை இட்ட வேலி என்றே பலரும் நம்பியிருந்தனர். மெல்பேர்ண் ஒலிம்பிக் விழா அதே ஆண்டு நவம்பரில் கூடியபொழுது டூமஸ் 2.12 மீற்றர் பாய்ந்து தங்கம் கொண்டார். எதிர்வீரசிங்கம் அவ்விழாவிலும் இலங்கைக்காகப் போட்டியிட்டார். அது அவரது இரண்டாவது ஒலிம்பிக் விழா.

1956 என்னும் ஆண்டு இலங்கைத் தமிழர் நெஞ்சில் விளையாட்டின் பொருட்டு நிலைத்த ஆண்டன்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் சிங்களச் 'சிறீ' எழுத்தைப் பொறிக்கும் விதியை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் கிளர்ச்சி எழுந்தது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசப்பட்டது. 1958 ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் 22 ஆந் திகதி பொலன்னறுவையில் தமிழர்மீது தாக்குதல் தொடங்கி, நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. 27 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

ரோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா மே 24 ஆந் திகதி தொடங்கி யூன் 1 ஆந் திகதி முடிந்தது. இரு நாட்குறிப்புக்களையும் அருகருகே வைத்து வாசிப்பவர் சற்றே மூச்சடைத்து நிற்பர். கொழும்பிலும் களுத்துறையிலும் பாணந்துறையிலும் தமிழர் வீடுகள் எரிந்த அதே நாட்களில், ரோக்கியோவில் புதிதாக எழுந்த தேசிய விளையாட்டரங்கில் இருபது நாடுகளின் வீரர்கள் கூடியிருந்தனர். இந்தியாவின் மில்கா சிங் 200, 400 மீற்றர் ஓட்டங்களில் வென்றார். உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பாக யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் தடியை நோக்கி ஓடினார்.

அவர் கடந்த உயரம் 2.03 மீற்றர். அடிக் கணக்கில் ஏறத்தாழ ஆறடி எட்டு அங்குலம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மணிலாவில் இந்தியரான அஜித் சிங் 1.95 மீற்றர் பாய்ந்து தங்கம் பெற்றிருந்தார். அதனினும் எட்டு சதமமீற்றர் மேலே சென்றார் எதிர்வீரசிங்கம். சாதாரண மனிதனுக்கு எட்டு சதமமீற்றர் நான்கு விரலகலம். உயரம் பாய்பவனுக்கு அது ஆண்டுகளின் உழைப்பு. ஹெல்சிங்கியில் உலகத்தையே வென்ற டேவிசின் பாய்ச்சலுக்கு ஒரு சதமமீற்றரே குறைவு. ஆசிய விளையாட்டு விழாக்களின் வரலாற்றில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் அதுவே. வெற்றி மேடையின் நடுப்படியில் அவர் நிற்க, சிங்கக்கொடி ஏறியது.

அக்கொடியின் கீழ் அன்று நின்றவரின் உள்ளத்தை அளக்க எந்த அளவுகோலும் இல்லை. அவர் தாயகத்தில் அகதிகளான தமிழர் கொழும்பு முகாம்களில் அடைபட்டிருந்தனர். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். அத்துறைமுகத்துக்கும் பெரியவிளானுக்கும் இடையே அதிக தூரமில்லை. நாட்டுக்கு முதற் பொன்னைத் தேடித் தந்தவனின் ஊரருகே, அந்நாட்டிலேயே இடம் மறுக்கப்பட்டோர் மூட்டை முடிச்சுக்களோடு கரையேறினர். சரித்திர ஆசிரியர் எவரும் இதனைக் கற்பனையால் இணைக்க வேண்டியதில்லை. திகதிகளே இணைத்து வைத்திருக்கின்றன.

வெற்றிச் செய்தியைத் தென்னிலங்கை மறைத்தது என்றோ, வடக்கு அதனைக் கொண்டாடவில்லை என்றோ கூறுதல் பொருந்தாது. இலங்கையின் விளையாட்டு வரலாற்றை எழுதிய சிங்களவரும் பறங்கியரும் அவரை மதிப்போடே குறித்துள்ளனர். விளையாட்டரங்கில் மொழி கேட்கப்படுவதில்லை என்று அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மை. அரங்கின் வாயிலுக்கு வெளியே அது கேட்கப்பட்டது; அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரியாதோர் தாக்கப்பட்டனர்.

1962 ஆம் ஆண்டில் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விழா கூடியபொழுது எதிர்வீரசிங்கம் மீண்டும் இலங்கைக்காகப் பாய்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். தங்கம் யப்பானியர் ஒருவருக்குச் சென்றது. இஸ்ரவேல், தாய்வான் நாட்டினருக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததால் அரசியல் கலந்து குழம்பிய விழா அது. அவருக்கு அப்பொழுது இருபத்தெட்டு வயது. உயரம் பாய்பவன் ஒருவன் பத்தாண்டுகள் சர்வதேச அரங்கில் நிலைத்து நிற்பது எளிதன்று. உந்தும் காலின் கணுவும் முழங்காலும் அவ்வளவு காலம் பொறுப்பதில்லை. பதக்கத்தினும் இந்நீடிப்பே பயிற்சியாளர்கள் வியக்க வேண்டியது என்று கருதுவோரும் உளர். அக்கருத்தில் நியாயம் உண்டு.

குடாநாட்டின் விளையாட்டுக்கு அது ஒரு வீறுகொண்ட காலம். 1954 ஆம் ஆண்டிலேயே தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்திருந்தார். 1971 ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையை இருமுறை ஒரே மூச்சாக, போக்கும் வரவுமாக நீந்தினார். நீச்சலுக்குக் கடல் இருந்தது. பாய்ச்சலுக்கு மணல் இருந்தது. அரசு கட்டித் தந்த வசதி என்று இவ்விரண்டையும் எவரும் சொல்லிவிட முடியாது.

எதிர்வீரசிங்கம் பந்தயக் களத்தை விட்டபின் ஏட்டைப் பற்றினார். ஐக்கிய அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்கா உட்படப் பல தேசங்களில் கல்விப் பணி புரிந்தார். பாய்ச்சல் வீரர் என்ற பெயரினும் கலாநிதி என்ற பெயராலேயே பிற்கால மாணவர் பலர் அவரை அறிந்தனர். கல்வியையும் விளையாட்டையும் எதிரெதிர்த் துருவங்களாக எண்ணி, 'படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு' என்று கேட்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர்க்கு இவ்வாழ்க்கை ஒரு மறுமொழி. அதனை எத்தனை பேர் செவிமடுத்தனர் என்பது வேறு.

அவர் வெளிநாடுகளில் இருந்த காலத்தில் அவர் பாய்ந்து பழகிய நிலம் பல மாற்றங்களைக் கண்டது. மத்திய கல்லூரி அமைந்த பகுதியிலேயே யாழ்ப்பாணப் பொது நூலகமும், ஒல்லாந்தர் கோட்டையும், மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கும் உள்ளன. 1981 யூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவில் நூலகம் எரிக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டில் கோட்டை முற்றுகையிடப்பட்டபொழுது சுற்றிலும் இருந்தவை இடிபாடுகளாயின. மாணவர் ஓடிய வெளியில் குண்டு விழுந்த குழிகள் இருந்தன. பாய்ச்சற் குழியை வெட்டுவார் இல்லை. போர்நிறுத்த உடன்பாடு 2002 ஆம் ஆண்டில் ஏற்பட்ட பின், அறுபத்தெட்டு வயதை எட்டிய அவர், வடபகுதிக்கு வந்து கல்விக்கும் விளையாட்டுக்கும் ஆலோசனை கூறினார். துரையப்பா அரங்கு இந்திய அரசின் உதவியால் புதுப்பிக்கப்பட்டு 2016 யூன் 18 ஆந் திகதி மீண்டும் திறக்கப்பட்டது.

இலங்கையின் உயரம் பாய்தல் சாதனை 2004 ஆம் ஆண்டில் மஞ்சுள குமாரவால் 2.27 மீற்றராக உயர்ந்தது. மெத்தையும், புதிய முறையும், அறிவியற் பயிற்சியும் தந்த உயரம் அது. 1958 ஆம் ஆண்டின் 2.03 மீற்றரோடு அதனை ஒப்பிட்டுக் குறைகாண்பது நெல்லையும் அரிசியையும் ஒரே படியில் அளப்பதாகும். குடாநாட்டிலோ பாய்ச்சற் கலை வேறொரு கிளையிலே தளிர்த்தது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை 2010களில் பல முறை திருத்தினார். கோலூன்றிப் பாய்தலும் செலவு மிக்க கலையே. ஒரு கோலின் விலை ஓர் ஏழைக் குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கும். மகாஜனா இருக்கும் தெல்லிப்பழைக்கும் பெரியவிளானுக்கும் இடையே வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களே உள்ளன.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், எண்பத்தொன்பதாவது வயதில், ஐக்கிய அமெரிக்காவிலே காலமானார். இரங்கற் செய்திகள் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மூன்று மொழிகளிலும் வெளிவந்தன. ரோக்கியோவின் 2.03 அவற்றுள் எல்லாவற்றிலும் இருந்தது. அவ்வாரம் இலங்கையில் நிகழ்ந்தது சிலவற்றிலேயே இருந்தது.